டர்பனிலிருந்து ஹோய்க்கு: மரங்கள் சூழ்ந்த டச்சு ரயிலூரில் வீடு பார்ப்பதும் குடியேறுவதும்

நெதர்லாந்தில் வேலை உறுதியானதும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், லெனேசியா ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் முதலில் ஆம்ஸ்டர்டாமுக்குள்தான் வீடு தேடுகின்றன. பிள்ளைகளும் தோட்டமும் உள்ள வாழ்க்கைக்குப் பழகியவர்கள் பார்க்க வேண்டியது அந்த நகரத்துக்குத் தென்கிழக்கே இருக்கும் ஹோய் வட்டாரம். புஸ்ஸம், நார்டன், ஹில்வர்சம், லாரன், பிளாரிக்கம், ஹவ்ஸன் எல்லாம் அதில் அடக்கம். தோற்றத்தில் நம்மூர் டர்பனின் புறநகர்களான க்ளூஃப், ஹில்க்ரெஸ்ட் பக்கம் மாதிரி இருக்கும். பழைய மரங்கள், பெரிய வீடுகள், காலையில் வேலைக்குக் கிளம்பி மாலையில் திரும்பும் சனம். ஆனால் க்ளூஃபில் அமைதியைக் காப்பது மதில், மின்வேலி, காவல் வண்டி. இங்கே அதைக் காப்பது எல்லாரும் கடைப்பிடிக்கும் சின்னச் சின்ன விதிகள். வந்த முதல் ஆண்டில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த விதிகள் தெரியாததால் வருபவைதான். ஆகவே வாடகை விவரத்தோடு அந்த விதிகளையும் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் தண்டவாளம், பிறகு மண்

வீட்டு விளம்பரங்களைத் திறக்கும் முன் வரைபடத்தில் ரயில் பாதையைக் கண்டுபிடியுங்கள். ஆம்ஸ்டர்டாமையும் அமெர்ஸ்ஃபோர்ட்டையும் இணைக்கும் பாதை 1874இல் திறந்தது. அதுவரை இங்கே மேய்ச்சலும் புதர்வெளியும் சின்ன கிராமங்களும்தான். ரயில் வந்ததும் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் நிலையத்தைச் சுற்றி வில்லாக்கள் கட்டினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் நிழற்சாலைகளில் பல அந்தக் காலத்துக்குப் பின் போட்டவை. புஸ்ஸம் நிலையத்தை ஒட்டிய ஸ்பீகல் பகுதியில் ஒரு முறை நடந்தால் இந்த வரலாறு கண்ணுக்கே தெரியும். தெருக்கள் வளைந்து வளைந்து போகும், வீடுகள் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும், ஒரு வீடு போல இன்னொன்று இருக்காது.

லாரன், பிளாரிக்கம், ஹவ்ஸன் மூன்றிலும் ரயில் நிலையம் இல்லை. இதைக் கவனிக்காமல் ஒப்பந்தம் போட்டவர்கள் தினமும் பேருந்தில் நிலையம் போய், அங்கிருந்து ரயில் ஏற வேண்டியிருக்கும். நிலையம் உள்ள ஊரிலும் எல்லா ரயிலும் நிற்காது. புஸ்ஸம் ஸௌட் நிலையத்தில் ஸ்ப்ரிண்டர் எனும் நின்று நின்று போகும் ரயில் மட்டுமே நிற்கும், விரைவு ரயில் கடந்து போய்விடும். நார்டன்-புஸ்ஸத்திலிருந்து ஆம்ஸ்டர்டாம் மையத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். வீட்டு வாசலிலிருந்து நிலையத்துக்கு சைக்கிளில் 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் மழைக்காலத்தில் அந்த வீடு உங்களைச் சலிக்க வைத்துவிடும். எங்கள் கருத்தில், வாடகையில் கொஞ்சம் கூடினாலும் நிலையத்துக்கு அருகில் இருப்பதே நல்லது.

அடுத்தது மண். ஹோய் என்பது பனியுகத்தில் பனிப்பாறை தள்ளி உயர்த்திய மணல் மேடு. ஆம்ஸ்டர்டாம் வீடுகள் சேற்றில் மரக்கழி அடித்து நிற்பவை. இங்கே மணலின் மேல் நேரடியாக அஸ்திவாரம் போட்டிருப்பார்கள். ஆனால் மேட்டின் மேற்கு ஓரத்தில் நிலம் சட்டெனத் தாழ்ந்து கரிச்சேறும் தண்ணீருமாகிவிடும். வாங்கப் பார்ப்பவர்கள், அந்த ஓரத்தில் உள்ள வீடென்றால், கட்டடப் பரிசோதகரிடம் அஸ்திவாரம் எந்த வகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேட்டின் மேலே இருக்கும் வீட்டில் பார்க்க வேண்டியது வேறு. நூறு வருட வில்லாவில் சுவர்க் காப்பு பெரும்பாலும் இருக்காது. வீட்டின் ஆற்றல் சிக்கனத்தைக் காட்டும் ஆற்றல் முத்திரை கடைசித் தரங்களான எஃப் அல்லது ஜி என்றால் குளிர்காலச் சூடேற்றச் செலவு வாடகையோடு போட்டி போடும். நாணல் கூரை பார்க்க அழகு, ஆனால் காப்பீட்டுத் தவணை கூடுதல், தீ விதிகளும் அதிகம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் மூன்று விஷயத்தை நினைவில் வையுங்கள். முன்பணம் அடிப்படை வாடகையின் இரண்டு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் தரகர் உங்களிடம் தரகுக் கூலி வாங்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் காலவரையற்ற ஒப்பந்தமே பொது விதி. வெளிநாடு போயிருக்கும் உரிமையாளர் திரும்பி வந்து குடியேற உரிமை வைத்துக்கொள்ளும் 'ராஜதந்திரிப் பிரிவு' மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. பெரிய வீடு சந்தைக்குப் பொருந்தாத விலையில் கிடைக்கிறது என்றால் முதலில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு வீடு மாற வேண்டி வரலாம்.

டர்பனிலேயே முடித்துவிட வேண்டியது

நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருபவர்கள் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அப்போதுதான் பி.எஸ்.என். எனும் குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். அது இல்லாமல் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் சீராக நடக்காது. பதியும்போது கேட்பது சுருக்கமில்லாத முழு விவரப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அவற்றின் மேல் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறை போடும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் முத்திரை. ஆங்கிலத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பு தேவையில்லை. முழு விவரச் சான்றிதழ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே வேலை உறுதியான வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். பெயர் எழுத்தில் வேறுபாடு இருந்தால் அங்கேயே திருத்திவிடுங்கள். நம் தாத்தா காலத்துப் பதிவுகளில் குடும்பப் பெயர் மூன்று விதமாக எழுதியிருப்பது சாதாரணம். அது இங்கே வந்து நிற்கும்போது பெரிய தடையாகிவிடும்.

ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான். தென்னாப்பிரிக்க உரிமம், நீங்கள் நகராட்சியில் பதிந்த நாளிலிருந்து 185 நாள்தான் செல்லும். அதன் பின் டச்சுத் தேர்வு எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வரும் திறனாளர்களுக்கு வரித்துறை தரும் '30 சதவீதச் சலுகை' பெற்றவரும் அவர் குடும்பத்தாரும் மட்டும் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். சலுகைக் கடிதம் வந்ததும் நகராட்சிக்குப் போய்விடுங்கள்.

பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் படித்தவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. பலகைகளையும் நகராட்சிக் கடிதங்களையும் முதல் வாரத்திலேயே ஓரளவு வாசித்துவிடலாம். பேச்சு காதுக்குப் பிடிபட மாதங்கள் ஆகும்.

வாசல், வேலி, சன்னல்

நம்மவர் வீடு கிடைத்ததும் முதலில் கேட்பது எங்கே கேட் போடலாம் என்பதுதான். முன்வாசலில் 1 மீட்டர், வீட்டின் முன்சுவருக்குப் பின்னால் 2 மீட்டர் உயரம் வரை வேலி போட பொதுவாக அனுமதி வேண்டாம். மூலை வீட்டில் பொது வழியை ஒட்டிய பக்கத்துக்கு விதி மாறும். ஊர்த்தோற்றம் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் சன்னல் சட்டத்தை மாற்றுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டி வரும். ஒம்கெவிங்ஸ்லோகெட் என்ற அரசு இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் எதற்கு அனுமதி வேண்டும் என்று காட்டும். இடுப்புயரப் பசும்வேலியும் திறந்த சன்னலும்தான் இந்தத் தெருக்களின் குணம். மாலையில் விளக்குப் போட்டுத் திரை இழுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நடந்து போகிறவர்களும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். இதைப் பாதுகாப்பின்மை என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். சைக்கிளுக்கு மட்டும் இரண்டு பூட்டுப் போடுங்கள்.

குடிவந்த முதல் வாரம் இரு பக்கத்திலும் எதிரிலும் உள்ள வீடுகளில் மணியடித்து, பெயர் சொல்லி, இரண்டு நிமிடத்தில் விடைபெறுங்கள். முறுக்கோ பேரீச்சம்பழமோ கையில் இருந்தால் நல்லது. அதற்கு மேல் காபிக்கு என்றால் நாள் குறித்துத்தான் போவார்கள். சொல்லாமல் போய்க் கதவு தட்டுவது இங்கே வழக்கமில்லை, அதை ஒதுக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சமையலறையில் ஒன்றைத் தவறாமல் பாருங்கள். அடுக்குமாடியில் கட்டடம் முழுவதுக்கும் ஒரே காற்றுக் குழாய் இருந்தால், மோட்டார் உள்ள புகைபோக்கியை அதில் இணைக்கக் கூடாது. இணைத்தால் நீங்கள் தாளிக்கும் மீன் குழம்பு வாசம் மேல் மாடிக் குளியலறைக்குப் போய்ச் சேரும், புகாரும் வரும். அங்கே காற்றை வடிகட்டி உள்ளேயே திருப்பும் வகைதான் சரி. அதன் கரி வடிகட்டியைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெறும் சத்தம்தான். 2022 ஜூலை முதல் ஒவ்வொரு மாடியிலும் புகை உணர்வி கட்டாயம். பூசை மாடத்தை அதன் நேர்க்கீழே வைக்காதீர்கள். சாம்பிராணி போடும்போது சன்னலைத் திறந்து, அந்த அறைக் கதவைச் சாத்தினால் போதும். உணர்வியைக் கழற்றி வைப்பது ஆபத்து.

பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறவைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, பல சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள எண்ணெய்ப் பெட்டியில் போடுங்கள். காய்கறித் தோலும் மீந்த சோறும் பச்சைத் தொட்டிக்கு. குளிர்பான டப்பாவையும் பாட்டிலையும் எறியாமல் கடை இயந்திரத்தில் போட்டால் சிறியதற்கு 15 சென்ட், பெரிய பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்ப வரும்.

மரங்களோடு வாழும் விதம்

இந்த ஊரின் பெரிய சொத்து மரம், பெரிய வேலையும் மரம்தான். ஓக், பீச், லிண்டன், குதிரைக் கஷ்கொட்டை எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. தெருமரம் நகராட்சியுடையது. நிழல் விழுகிறது, இலை கொட்டுகிறது, சூரியத் தகட்டை மறைக்கிறது என்பதெல்லாம் அதை வெட்டக் காரணமாகாது. ஆகவே தகடு போட எண்ணுபவர்கள் கூரை மேல் எந்த நேரம் நிழல் விழுகிறது என்று ஜூனிலும் செப்டம்பரிலும் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டவும் பல நகராட்சிகளில் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் மரமும், அரை மீட்டருக்குள் புதர்வேலியும் நட்டால் அயலார் அகற்றச் சொல்லலாம். உள்ளூர் விதி இந்தத் தூரத்தைக் குறைத்திருக்கவும் கூடும். இருபது ஆண்டாக நிற்கும் மரத்துக்கு அந்த உரிமை காலாவதியாகிவிடும். மார்ச் நடுவிலிருந்து ஜூலை நடுவரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூடு இருக்கும் வேலியில் கத்தரி வைப்பது சட்டப்படி குற்றம்.

லிண்டன் மரத்தடியில் காரை நிறுத்தினால் ஜூன், ஜூலையில் கண்ணாடி முழுக்கப் பசை ஒட்டும். இலையில் இருக்கும் அசுவினிப் பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீர் அது. வெயிலில் காய விட்டால் அதன் மேல் கரும்பூஞ்சை பிடிக்கும், வெதுவெதுப்பான தண்ணீரால் வாரம் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

ஓக் மரத்தில் மே நடுவிலிருந்து ஜூலை முடிய ஊர்வலமாகப் போகும் கம்பளிப்புழுவைக் கவனியுங்கள். தண்டில் வெள்ளைப் பஞ்சுப் பை மாதிரிக் கூடு தெரியும். அதன் கண்ணுக்குத் தெரியாத முட்கள் காற்றில் பறந்து தோலிலும் கண்ணிலும் தைக்கும். அரித்தால் சொரியக் கூடாது. அந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி எடுத்து, பிறகு தண்ணீரால் அலசுங்கள். துணியை 60 டிகிரியில் துவையுங்கள். கூட்டை நீங்களே எரிக்கவோ தண்ணீர் பீய்ச்சவோ முயன்றால் முட்கள் தெரு முழுக்கப் பரவும். தெருமரமானால் நகராட்சிக்குத் தகவல் சொல்லுங்கள், வேலை அவர்களுடையது. காலியான பழைய கூட்டிலும் முட்கள் வருடக்கணக்கில் இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இலை. பல நகராட்சிகள் தெருவோரம் கம்பிக் கூடைகள் வைக்கும். தெருமரத்தின் இலைக்குத்தான் அவை, சமையல் கழிவோ கிளையோ போட்டால் அள்ள மாட்டார்கள். உங்கள் நடைபாதையைக் காலையில் பெருக்கிவிடுவது மரியாதை. ஈர பீச் இலை சோப்புப் போல வழுக்கும். இதே காலத்தில் தண்டவாளத்தில் நசுங்கிய இலையால் ரயில் சக்கரம் வழுக்கி வண்டிகள் தாமதிக்கும். முக்கியமான கூட்டம் இருக்கும் நாளில் ஒரு வண்டி முன்னதாகக் கிளம்புங்கள்.

தோட்டத்து மணல் சத்தில்லாதது, கொஞ்சம் புளிப்பு. ரோடோடென்ட்ரான் செழிக்கும், கத்தரியும் வெண்டையும் வராது. பாத்தியில் ஒரு சாண் உயரத்துக்கு மக்கு உரம் கலந்தால் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பூசணி வரும். டர்பனில் கொல்லைக்குக் கொல்லை நிற்கும் கறிவேப்பிலை இங்கே தொட்டியில்தான் பிழைக்கும். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன், செப்டம்பர் கடைசியில், உள்ளே எடுத்துத் தெற்குச் சன்னலோரம் வையுங்கள். சூடேற்றி மேல் வைக்கக் கூடாது. குளிர்காலத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் செத்துவிட்டது என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், அப்படித்தான் வேர் அழுகுகிறது. மேல்மண் விரலுக்குக் காய்ந்த பிறகு ஒரு தம்ளர் போதும். மே நடுவில் வெளியே வைத்தால் மறுபடி துளிர்க்கும். அதுவரை கறிவேப்பிலை, முருங்கைக்காய், பாகல், நீளப் பயறு எல்லாம் சுரினாமியர் டோக்கோ கடைகளில் கிடைக்கும்.

சாலையும் ரயிலும்

வண்டி வலப்பக்கம் ஓடும் என்பது இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வலப்பக்க முன்னுரிமை. பலகையும் கோடும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே வழி, சைக்கிளுக்கும் அப்படியே. செங்கல் பாவிய 30 கி.மீ. தெருக்களில் பெரும்பாலான சந்திப்புகள் இப்படித்தான். நம்மூர் நான்கு வழி நிறுத்தத்தில் முதலில் வந்தவர் முதலில் போவது போல இங்கே செய்தால் மோதல்தான். சாலையில் வெள்ளை முக்கோணங்கள் உங்கள் பக்கம் முனை நீட்டியிருந்தால் நீங்கள் வழிவிட வேண்டும். நடைபாதை இடைவெளியின்றித் தொடர்ந்து அதன் மேல் ஏறி இறங்கும்படி தெரு முடிந்தால், அங்கிருந்து வெளிவரும் கார் நடப்பவர் உட்பட அனைவருக்கும் காத்திருக்க வேண்டும். கார்க் கதவைத் திறக்கும்போது வலக்கையால் திறக்கப் பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

கடைத்தெருவிலும் நிலையத்தருகிலும் நீலக் கோடு போட்ட இடத்தில் அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். வந்த நேரத்தை அடுத்த அரை மணிக்கு நகர்த்தி வைப்பது அனுமதி.

ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் 20 யூரோ வரை பிடித்துவிடும், இணையத்தில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஏறும்போது வங்கி அட்டை, இறங்கும்போது கைப்பேசி என்று மாற்றித் தட்டினால் இரண்டும் தனிப் பயணமாகப் பதிவாகும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30–9:00, மாலை 16:00–18:30 நெரிசல் நேரம். அந்த நேரத்தில் மடிக்காத சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியாது. மடிப்பு சைக்கிளுக்குத் தடையோ கட்டணமோ இல்லை.

பகலில் ஊர் காலியாக இருக்கும். திங்கள் காலை பல சின்னக் கடைகள் திறக்காது, மற்ற நாளும் மாலை 6 மணிக்குச் சாத்திவிடுவார்கள். சூப்பர் மார்க்கெட் மட்டும் இரவுவரை.

ஊரைச் சுற்றி

மேற்கே நார்டர்மேர் ஏரி. 1904இல் ஆம்ஸ்டர்டாம் தன் குப்பையை இங்கே கொட்டத் திட்டமிட்டது. அதை எதிர்த்து எழுந்த இயக்கம் 1905இல் இயற்கைச் சின்னங்கள் சங்கமாகி, அடுத்த ஆண்டே ஏரியை விலைக்கு வாங்கியது. நாட்டின் முதல் இயற்கைக் காப்பகம் அது. ரயிலில் போகும்போதே நாணலும் நீர்க்காகமும் தெரியும், பாதை ஏரியின் ஊடாகத்தான் போகிறது.

வடக்கே நார்டன் கோட்டை. நட்சத்திர வடிவில் ஆறு கொத்தளங்கள், இரட்டை அகழி. மேட்டின் மேலேயே சுற்றி நடக்கலாம். கிழக்கே புதர்வெளி. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை ஊதாப் பூ விரிந்திருக்கும், காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டமிருக்காது. புஸ்ஸத்துக்கும் ஹில்வர்சத்துக்கும் இடையே ரயில், சாலை இரண்டையும் கடக்கும் கிரெய்லோ இயற்கைப் பாலம் 2006இல் திறந்தது, சுமார் 800 மீட்டர் நீளம். மானும் நரியும் கடப்பதற்காகக் கட்டியது, ஓரத்தில் மனிதருக்கும் பாதை உண்டு. பிளாரிக்கம் புதர்வெளியில் டாஃபெல்பெர்க் என்றே ஒரு மேடு இருக்கிறது. கேப்டவுன் மேசைமலையின் பெயர்தான், உயரம் 36 மீட்டர். மேலே நின்றால் நாலு பக்கமும் வெகுதூரம் தெரிவது உண்மை.

பீனிக்ஸ் குடியிருப்பை அறிந்த டர்பன் தமிழர்களுக்கு ஒரு செய்தி. காந்தி அதை 1904இல் தொடங்குவதற்கு முன்பே, 1898இல், புஸ்ஸத்தில் எழுத்தாளரும் மருத்துவருமான ஃப்ரெடரிக் ஃபான் ஈடன் கூட்டாக உழுது உண்ணும் வால்டன் குடியிருப்பை நிறுவினார். அது 1907இல் கலைந்தது.

புதர்வெளியில் மேயும் நீளக் கொம்பு மாடுகளிடமிருந்து 25 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், கன்று இருந்தால் இன்னும் தள்ளி. புதர்வெளியில் எங்கும் ப்ராய், அதாவது வெளியில் இறைச்சி சுடும் நெருப்பு, மூட்டக் கூடாது, கரி அடுப்பானாலும். வறண்ட வசந்தத்தில் ஒரு பொறி போதும்.

நடந்து வந்த ஒவ்வொரு முறையும் உண்ணி தேடுங்கள். எள்ளளவுதான் இருக்கும். முழங்கால் மடிப்பு, இடுக்கு, அக்குள், பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டித் தலையருகே பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ சாராயமோ முதலில் தடவினால் உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கக்கிவிடும், கிருமிநாசினி தடவுவது உண்ணியை எடுத்த பிறகுதான். தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்குள் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ குடும்ப மருத்துவரிடம் போய் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். லைம் நோய்க்கு ஆரம்பத்தில் மருந்து எளிது.

பிள்ளைகள், பண்டிகை

நான்கு வயதானதும் பள்ளியில் சேரலாம், ஐந்தில் கட்டாயம். சுற்றிலும் நீர் என்பதால் நீச்சல் சான்றிதழை எல்லாப் பெற்றோரும் முக்கியமாக நினைக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம், வந்ததுமே பெயர் கொடுங்கள். பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போனால் அபராதம். டர்பன் டிக்கெட் மலிவாக இருக்கிறது என்பது காரணமாகாது. சமயப் பண்டிகைக்கு உரிமை உண்டு: ஒரு பண்டிகைக்கு ஒரு நாள், குறைந்தது இரண்டு நாளுக்கு முன் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தைப்பூசம் வார நாளில் வந்தால் இதைப் பயன்படுத்துங்கள். டென் ஹெல்டரில் ஈழத் தமிழர்கள் நடத்தும் வரதராஜ செல்வவிநாயகர் கோயிலுக்கு ஆம்ஸ்டர்டாம் வழியாக ரயிலிலேயே போகலாம். பெரிய தேர் பார்க்க வேண்டுமென்றால் எல்லை தாண்டி ஜெர்மனியின் ஹாம் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கோடையில் காரில் கிளம்புங்கள். வீட்டுப் பெரியவர்களோடு பேசும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கோடையில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை டர்பன் ஒரு மணி முன்னால் ஓடும்.